கட்டியோரும் கட்டுவித்தோரும்: மொன்ரிசெலோ மாளிகையின் வரலாறு எழுதப்பட்ட முறை பற்றிய ஒரு நோக்கு

தமிழ் இலக்கண நூலார் வினையைத் தன்வினை, பிறவினை எனப் பகுத்துக் கூறுவர். கட்டினான் என்பதற்கும் கட்டுவித்தான் என்பதற்கும் உள்ள வேறுபாடு மாணவர் யாவரும் அறிந்ததே. நமது கல்வெட்டுகளில் மன்னரும் செல்வரும் கோயிலையோ மண்டபத்தையோ எடுப்பித்ததாகக் கூறப்படுவதைப் பரக்கக் காணலாம். எடுப்பித்தவனின் பெயர் கல்லில் நிற்கிறது. கல்லைச் சுமந்தவனின் பெயர் நிற்பதில்லை. ஆயினும் அப்பிறவினை வடிவம் ஓர் உண்மையை ஒளியாது காட்டிவிடுகின்றது. பெயருடையவனுக்கும் கட்டடத்துக்கும் இடையில் வேறு கைகள் இருந்தன என்பதே அவ்வுண்மை.

ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிலுள்ள பெருந்தோட்ட மாளிகைகளைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் இந்தச் சிறு குறிப்புத்தானும் நெடுங்காலம் இடம்பெறவில்லை. இன்னார் இம்மாளிகையைக் கட்டினார், இன்னார் இத்தோட்டத்தை நட்டார், இன்னார் விருந்தளித்தார் என்றே அவை பேசின. இவ்வகை மாளிகைகளுள் உலகப் புகழ் பெற்ற ஒன்றான மொன்ரிசெலோவை எடுத்துக்கொண்டு, அதன் வரலாறு எவ்வாறு எழுதப்பட்டது, எவருடைய சொல் சான்றாக ஏற்கப்பட்டது, எவருடைய சொல் தள்ளப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாளிகையின் கட்டட அமைப்பு எதனை மறைத்ததோ அதனையே அதன் வரலாற்றெழுதியலும் நெடுங்காலம் மறைத்தது என்பது நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்து.

பெருந்தோட்டம் என்ற சொல் நம்மவர் மனத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களையே முதலில் தோற்றுவிக்கும். ஆதலின் ஒரு வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துதல் வேண்டும். வேர்ஜீனியாவின் பெருந்தோட்டங்களில் உழைத்தோர் கூலிக்கு அமர்த்தப்பட்டவரல்லர். சட்டத்தின்படி உடைமைப் பொருளாகக் கொள்ளப்பட்டவர்கள். தாயின் நிலையே பிள்ளையின் நிலை என 1662 ஆம் ஆண்டிலேயே அங்கு சட்டம் செய்யப்பட்டது. தந்தை எவராயினும் அடிமைத் தாயின் பிள்ளை அடிமையே. அவர்கள் விற்கப்படலாம், ஈடுவைக்கப்படலாம், முதுசமாகப் பகிரப்படலாம். 1865 இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அடிமைமுறை ஒழிக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. இந்தச் சட்ட அடிப்படையை மனங்கொள்ளாது அம்மாளிகைகளின் எந்த அறையையும் விளங்கிக்கொள்ள இயலாது.

1. மாளிகையின் தோற்றம்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவரும் அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியுமான தோமஸ் ஜெபர்சன், தந்தை வழியாகத் தமக்குக் கிடைத்த நிலத்திலுள்ள ஒரு குன்றின் உச்சியைத் தம் இல்லத்துக்குத் தெரிந்தெடுத்தார். இத்தாலிய மொழியில் சிறுகுன்று எனப் பொருள்படும் மொன்ரிசெலோ என்ற பெயரை அதற்கு இட்டார். 1768 இல் உச்சியின் ஒரு பகுதியை 250 அடிச் சதுரமாக மட்டப்படுத்துவதற்கு ஒருவருடன் உடன்பாடு செய்துகொண்டார். கோதுமையும் சோளமும் அதற்கு விலையாகப் பேசப்பட்டன. உடன்படிக்கைக் குறிப்பில் ஒப்பந்தம் ஏற்றவரின் பெயர் உண்டு. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் இல்லை. மாளிகையின் முதல் ஆவணமே இத்தன்மையது என்பது கவனத்துக்குரியது.

1769 இல் கட்டட வேலை தொடங்கியது. 1772 இல் ஜெபர்சன் மார்த்தா வேல்ஸ் ஸ்கெல்ற்றனை மணந்தார். 1773 இல் மனைவியின் தந்தை ஜோன் வேல்ஸ் இறக்கவே, பெருநிலமும் ஏறத்தாழ 135 அடிமைகளும் அவற்றோடு பெருங்கடனும் அவருக்கு வந்து சேர்ந்தன. அவ்வாறு வந்தோருள் எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற பெண்ணும் அவளது பிள்ளைகளும் அடங்குவர். அப்பிள்ளைகளுள் சிலருக்கு ஜோன் வேல்ஸே தந்தை என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்ளும் முடிபு. எனவே ஜெபர்சனின் மனைவிக்கு ஒருவழிச் சகோதரரும் சகோதரிகளும் ஆனோர் அவளுக்கே அடிமைகளாக வந்தனர் என்றாகிறது.

1784 முதல் 1789 வரை ஜெபர்சன் பிரான்சில் வாழ்ந்தார். இத்தாலியக் கட்டடக்கலை அறிஞர் பல்லாடியோவின் நூல்களை முன்பே கற்றிருந்த அவர், பாரிசில் கண்ட புதிய மாளிகைகளால் பெரிதும் கவரப்பட்டார். திரும்பி வந்தபின் 1796 இல் பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை மாற்றியமைக்கத் தொடங்கினார். கவிமாடத்தை உடைய இன்றைய வடிவம் 1809 அளவிலேயே பெரும்பாலும் நிறைவெய்தியது. மாளிகையில் 33 அறைகள் உள. இருபுறச் சிறகுகளையும் சேர்த்து எண்ணின் 43 ஆகும். செங்கல் அவ்விடத்திலேயே சூளையிடப்பட்டது. மரம் அத்தோட்டக் காடுகளிலே தறிக்கப்பட்டது. அயர்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டின்ஸ்மோர் போன்ற வெள்ளைத் தச்சர் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். அவர்களுடன் உழைத்துத் தொழில் பயின்ற ஜோன் ஹெமிங்ஸ் என்ற அடிமைத் தச்சர் பின்னர் அத்தோட்டத்தின் தலைசிறந்த மரவேலைக்காரராக விளங்கினார். அவருடைய கைவேலை இன்றும் அம்மாளிகையில் உண்டு.

ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600 இற்கும் மேற்பட்டோரை அடிமைகளாகக் கொண்டிருந்தார். ஒரே காலத்தில் மொன்ரிசெலோவிலும் அதனைச் சூழ்ந்த பண்ணைகளிலும் ஏறத்தாழ 130 பேர் வாழ்ந்தனர். 5,000 ஏக்கர் வரை பரந்த அந்நிலத்தில் முதலில் புகையிலையும் 1790 களின் பின்னர் பெரும்பாலும் கோதுமையும் பயிரிடப்பட்டன. மாளிகை என்பது இந்த உற்பத்தி அமைப்பின் முடி. அதன் வேர் வயலில் இருந்தது.

2. மறைக்கும் கட்டடக்கலை

மொன்ரிசெலோவை வியந்து எழுதிய கட்டடக்கலை நூல்கள் யாவும் ஒரு சிறப்பை விதந்துரைக்கும். பிற தென்மாநில மாளிகைகளிற் சமையற்கூடம், தொழுவம், இறைச்சியைப் புகையூட்டும் கொட்டில் முதலியன மாளிகையைச் சுற்றிச் சிதறிக் கிடந்து காட்சியைக் கெடுக்கும். ஜெபர்சனோ குன்றின் சரிவைப் பயன்படுத்தி அவற்றை இரு நீண்ட தளமேடைகளின் கீழ் அமைத்தார். மேலே உலாவும் விருந்தினர் நீல மலைத்தொடரைக் கண்டு மகிழலாம். அவர்தம் காலடியில் அடுப்பெரியும். மாளிகையின் கீழே செல்லும் மூடிய வழியொன்று இரு சிறகுகளையும் இணைத்தது.

உணவறையின் அமைப்பும் இதனோடு ஒத்தது. கணப்பின் இருமருங்கிலும் நிலவறையிலிருந்து வைன் போத்தல்களை மேலேற்றும் சிறு தூக்குப்பெட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. தட்டுகள் பொருத்திய சுழல்கதவு ஒன்றும் இருந்தது. அதன் பின்புறத்தில் உணவு வைக்கப்படும், கதவு சுழலும், உணவு முன்னே வரும். வைத்த கை தெரியாது. மேசையில் நிகழும் உரையாடலைப் பணியாளர் கேளாதிருத்தல் வேண்டும் என்ற எண்ணமும் இவ்வமைப்புகளுக்கு ஒரு காரணம் எனக் கூறுவர். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. உழைப்பின் பயன் அறைக்குள் வந்தது. உழைத்தவர் அறைக்கு வெளியே நின்றார்.

இவற்றைப் பொறிநுட்ப விநோதங்களாக மட்டும் காண்பது நெடுநாள் வழக்கம். அவ்வாறு காண்பது பிழையன்று. போதாது என்பதே எமது கருத்து. கட்டடக்கலையும் ஏனைய கலைகளைப் போன்று சமூக உறவுகளின் வெளிப்பாடாகும். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற கோட்பாட்டை உலகறிய எழுதிய ஒருவர், அக்கோட்பாடு நாள்தோறும் மறுக்கப்படும் ஓர் இல்லத்தில் வாழ்ந்தார். அடிமைமுறை ஒரு கொடுமை என அவரே பன்முறை எழுதியுமுள்ளார். அம்முரண்பாட்டை அவர் தீர்க்கவில்லை. ஆயின் கண்ணுக்குத் தெரியாதபடி அதனைத் தளமேடையின் கீழ் வைத்தார். மாளிகையின் அழகுக்கும் அதன் அறப் பிரச்சினைக்கும் உள்ள தொடர்பு இவ்விடத்திலேதான் உள்ளது.

மாளிகைக்குத் தெற்கே சற்றுத் தாழ்வாக ஓடிய பாதை மல்பெரி நிரை எனப்பட்டது. 1796 இல் காப்புறுதிக்காக எழுதப்பட்ட குறிப்பொன்றில் அதன் ஓரத்திலிருந்த 17 கட்டடங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பட்டறைகளும் களஞ்சியங்களும் குடில்களும் அவற்றுள் அடங்கும். சில குடில்கள் 12 அடி அகலமும் 14 அடி நீளமும் மண்தரையும் மரப் புகைபோக்கியும் கொண்டவை. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. இக்குறிப்பை எழுதியவரும் ஜெபர்சனே. ஒரு பொருள் தீயில் அழிந்தால் இழப்பு எவ்வளவு என்று கணக்கிடும் தேவை எழுந்தபோது மறைக்கப்பட்டவை எழுத்தில் வெளிப்பட்டன.

3. பதிவேடும் பதிப்பும்

ஜெபர்சன் கணக்கெழுதுவதில் அயராதவர். 1774 இல் தொடங்கி வாழ்நாள் இறுதிவரை அவர் பேணிய பண்ணைப் பதிவேட்டில் அடிமைகளின் பெயர், பிறந்த ஆண்டு, வழங்கிய துணி, போர்வை, சோளமா, மீன் ஆகியன நிரல்படக் குறிக்கப்பட்டுள்ளன. உடைமையைக் காக்க எழுதப்பட்ட இப்பதிவேடே இன்று அம்மக்களின் குடும்ப வழிகளை மீட்டெடுக்கும் முதன்மை ஆவணமாக உள்ளது. எழுதியவரின் நோக்கமும் ஆவணத்தின் பயனும் வேறுபடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

1794 இல் மல்பெரி நிரையில் ஆணிப் பட்டறை ஒன்று நிறுவப்பட்டது. 10 முதல் 16 வயது வரையான சிறுவர்கள் அங்கு வேலை செய்தனர். நாளொன்றுக்கு 8,000 முதல் 10,000 வரையான ஆணிகள் அடிக்கப்பட்டன. ஒவ்வொரு சிறுவனுக்கும் கொடுத்த இரும்பின் நிறையும் அவன் திருப்பித் தந்த ஆணியின் நிறையும் ஒப்பிடப்பட்டு, எவன் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்பது ஜெபர்சனாலேயே குறிக்கப்பட்டது. அறிவியல் நோக்கும் கணித நுட்பமும் வாய்ந்த ஒரு மனம், அந்நுட்பத்தைப் பத்து வயதுச் சிறுவனின் கைத்திறனை அளக்கவும் பயன்படுத்தியதை இங்கு காண்கிறோம்.

பண்ணைப் பதிவேடு 1953 இல் எட்வின் பெற்ஸ் என்பவராற் பதிப்பிக்கப்பட்டது. தொடர்புடைய கடிதப் பகுதிகள் பலவும் அப்பதிப்பிற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஜெபர்சனின் மருமகன் 1801 இல் எழுதிய கடிதம். பட்டறைச் சிறுவர்கள் வேலைக்கு வராதிருந்தமைக்காகக் கசையடி பெற்றனர் என்று அக்கடிதத்தில் வரும் செய்தி பதிப்பில் விடுபட்டிருந்தது என்பதை ஹென்றி வீன்செக் 2012 இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துக்காட்டினார். வீன்செக்கின் முடிபுகள் பலவற்றைப் பிற ஆய்வாளர் கடுமையாக மறுத்தனர். ஆயினும் அவர் சுட்டிய இவ்விடுபாடு பதிப்புக்கலையில் ஈடுபடும் எவரையும் சிந்திக்க வைப்பது. ஏட்டுச்சுவடியில் ஒரு சீர் விடுபட்டால் பாட்டின் ஓசை கெடும். அதனை ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். உரைநடைக் கடிதத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டால் ஓசை கெடுவதில்லை, வரலாறு கெடுகின்றது.

4. ஏலம்

1826 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி, பிரகடனத்தின் 50 ஆவது ஆண்டு நிறைவன்று, ஜெபர்சன் காலமானார். 1,07,000 டொலருக்கு மேற்பட்ட கடன் எஞ்சியது. மரணசாசனத்தில் 5 பேருக்கு மட்டும் விடுதலை அளித்திருந்தார். ஐவரும் எலிசபெத் ஹெமிங்ஸின் வழியில் வந்தவர்கள். 1827 ஜனவரியில், பேரனும் சாசன நிறைவேற்றுநருமான தோமஸ் ஜெபர்சன் றண்டோல்ப்பின் பொறுப்பில், 130 அடிமைகள் வீட்டுத் தளபாடங்களுடனும் கால்நடைகளுடனும் சேர்த்து விற்பனைக்கென விளம்பரப்படுத்தப்பட்டனர். ஏலம் மாளிகையின் வாயிலிலேயே நடைபெற்றது.

விடுதலை பெற்ற ஐவருள் ஒருவர் ஜோசப் பொசெற் என்ற கொல்லர். அவரது விடுதலை எசமானர் இறந்து ஓராண்டு கழிந்தபின்னரே நடைமுறைக்கு வரும் எனச் சாசனம் கூறியது. அவ்வோராண்டு கழிவதற்குள் ஏலம் வந்துவிட்டது. அவருடைய மனைவி ஈடித், ஜனாதிபதி மாளிகையில் பிரெஞ்சுச் சமையற்காரரிடம் பயிற்சி பெற்று, 1809 முதல் மொன்ரிசெலோவின் தலைமைச் சமையற்காரியாக இருந்தவர். மாளிகையின் விருந்துகளைப் புகழ்ந்த விருந்தினர் யாவரும் உண்டது அவர் கைச்சமையலையே. அவரும் அவர் பிள்ளைகளும் ஏலத்தில் விலைகூறப்பட்டனர். பிள்ளைகள் வெவ்வேறு கைகளுக்குப் போயினர். பொசெற் தம் கொல்லுலையின் உழைப்பாலும் உறவினரின் துணையாலும் மனைவியையும் பிள்ளைகள் சிலரையும் பின்னர் மீட்டார். எல்லோரையும் மீட்க அவரால் உடனே முடியவில்லை. ஏலத்தின்போது 11 வயதினனாக இருந்த மகன் பீற்றர் ஏறத்தாழ 1850 வரை அடிமையாகவே இருந்தான்.

அப்பீற்றர் பொசெற் பின்னர் ஒஹியோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரில் மதிப்புமிக்க சமயப் போதகராக விளங்கினார். 1898 இல் அவருடைய நினைவுகள் நியூயோர்க்கின் பத்திரிகையொன்றில் வெளிவந்தன. 1900 இல், முதிர்ந்த வயதில், அவர் மொன்ரிசெலோவுக்கு ஒருமுறை சென்று வந்தார். தாம் பிறந்த இடமும் விற்கப்பட்ட இடமும் அதுவே. இத்தகைய ஒரு சாட்சி உயிரோடிருந்து பேசியும் எழுதப்பட்டும் இருந்த காலத்திலேயே, மாளிகையின் வரலாறு அவரைச் சேர்க்காது எழுதப்பட்டது.

5. எவர் சொல் சான்று?

வரலாற்றெழுதியலின் குறைபாடு மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் சாலி ஹெமிங்ஸ் பற்றிய வினாவாகும். எலிசபெத் ஹெமிங்ஸின் மகளான சாலி, ஜெபர்சனின் மகளுக்குத் துணையாக 1787 இல் பாரிசுக்கு அனுப்பப்பட்டாள். 1789 இல் திரும்பினாள். அவள் பிள்ளைகளின் தந்தை ஜெபர்சனே என 1802 இல் அவரது அரசியல் எதிரியாக மாறிய ஒரு பத்திரிகையாளர் எழுதினார். பழிதூற்றும் நோக்கம் உடைய அவ்வெழுத்தை ஐயுறுவதற்கு நியாயம் இருந்தது.

ஆயின் 1873 இல் வேறொரு சான்று கிடைத்தது. சாலியின் மகனும் மரணசாசனத்தால் விடுதலை பெற்றவருமான மடிசன் ஹெமிங்ஸ், ஒஹியோவின் சிறு பத்திரிகையொன்றில் தம் வாழ்க்கையைக் கூறினார். பிரான்சில் தம் தாய் விடுதலை கோரியிருக்க முடியும் என்றும், பிறக்கும் பிள்ளைகள் 21 வயதில் விடுவிக்கப்படுவர் என்ற வாக்குறுதியின் பேரிலேயே அவர் வேர்ஜீனியாவுக்குத் திரும்பினார் என்றும், தம் தந்தை ஜெபர்சனே என்றும் அவர் கூறினார். தோட்டத்தில் உடன் வாழ்ந்த இஸ்ரேல் ஜெபர்சன் என்பவரும் அதே ஆண்டில் அதனை உறுதிப்படுத்தினார்.

இதற்கு எதிராக வைக்கப்பட்டது எது? ஜெபர்சனின் பேரப்பிள்ளைகளின் கூற்று. அவருடைய பேத்தி எலன் கூலிட்ஜ் 1858 இல் எழுதிய கடிதத்தில் ஜெபர்சனின் மருகரான சாமுவேல் காரைத் தந்தையாகச் சுட்டினார். பேரன் றண்டோல்ப் கூறியதாக 1868 இல் எழுதப்பட்ட கடிதமோ சாமுவேலின் சகோதரரான பீற்றர் காரைச் சுட்டியது. உடன்பிறந்த இருவரின் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. இவ்விருவருள் ஒருவர் ஏலத்தை நடத்தியவர் என்பதையும் மறத்தலாகாது. எனினும் 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் தலைசிறந்த வரலாற்றாசிரியர்கள் பேரப்பிள்ளைகளின் சொல்லையே ஏற்றனர். 1948 முதல் 1981 வரை 6 பாகங்களாக ஜெபர்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டூமாஸ் மலோன் அவர்களுள் முதன்மையானவர். 1974 இல் பிரோடி அம்மையார் மடிசனின் கூற்றை ஏற்று எழுதியபோது அது வரலாறன்று, உளவியற் கற்பனை என ஒதுக்கப்பட்டது.

1997 இல் சட்ட அறிஞரான அனெற் கோர்டன்-றீட் இவ்விவாதத்தை வேறொரு தளத்துக்குக் கொண்டுசென்றார். ஜெபர்சன் குற்றவாளியா என்பது அவருடைய முதல் வினாவன்று. சான்றுகளை மதிப்பிட்ட முறை நேர்மையானதா என்றே அவர் வினவினார். கறுப்பினத்தாரின் கூற்றில் நோக்கம் தேடப்பட்டது. வெள்ளையரின் கூற்றில் அது தேடப்படவில்லை. முன்னவரின் கூற்றில் சிறு வழு இருப்பின் முழுவதும் தள்ளப்பட்டது. பின்னவரின் வெளிப்படையான முரண்பாடு பொறுக்கப்பட்டது. ஒரே தராசில் இருவகை நிறைகற்கள் பயன்பட்டமையை அவர் விரிவாக நிறுவினார்.

அடுத்த ஆண்டு, 1998 இல், மரபணுச் சோதனையின் முடிவு வெளிவந்தது. சாலியின் கடைசி மகன் எஸ்ரனின் ஆண்வழிச் சந்ததியும் ஜெபர்சன் குடும்பத்தின் ஆண்வழியும் ஒத்திருந்தன; கார் குடும்பத்தின் வழி ஒத்திருக்கவில்லை. இச்சோதனை ஜெபர்சன் குடும்பத்து ஆண் ஒருவரைச் சுட்டுமேயன்றித் தனியொருவரைச் சுட்டாது. ஆயின் பிள்ளைகள் கருவுற்ற காலங்களில் ஜெபர்சன் மொன்ரிசெலோவில் இருந்தமை முதலிய ஏனைய சான்றுகளோடு இணைத்து நோக்கி, மாளிகையைப் பரிபாலிக்கும் அறநிலையம் 2000 ஆம் ஆண்டு ஜனவரியில் மடிசனின் கூற்றைப் பெரும்பாலும் உறுதியெனக் கொண்டது. மறுப்போர் சிலர் இன்றும் உளர். எனினும் கார் சகோதரர் பற்றிய குடும்பக் கதை எஸ்ரனைப் பொறுத்தவரை வீழ்ந்துவிட்டது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை உயிரியலைப் பற்றியதன்று. 1873 இல் கிடைத்த சாட்சியம் 125 ஆண்டுகள் கழித்து ஆய்வுகூடத்தின் துணையால் மதிப்புப் பெற்றது என்பது வரலாற்றுத் துறைக்குப் பெருமை தருவதன்று. மடிசனின் கூற்றை நேர்மையாக எடைபோடுவதற்கு மரபணு தேவைப்படவில்லை. வழக்கமான சான்றாய்வு முறையே போதியது. அம்முறையை எல்லோருக்கும் ஒருபடித்தாய்ப் பயன்படுத்துதலே தேவைப்பட்டது. தம் தாயைப் பற்றி உண்மை சொன்ன ஒருவர் நூறாண்டுக்கு மேலாகப் பொய்யராகக் கருதப்பட்டார் என்பதே இதன் மனிதப் பெறுமதி.

6. நினைவுச்சின்னமாதலும் மௌனமும்

ஜெபர்சனுக்குப் பிந்திய மாளிகையின் கதையிலும் இத்தகைய மௌனம் ஒன்று உண்டு. 1831 இல் கைமாறிய அம்மாளிகையை 1834 இல் கடற்படை அதிகாரியான யூரையா லீவி வாங்கினார். யூதரான அவர், சமய சுதந்திரத்துக்காக ஜெபர்சன் ஆற்றிய பணியைப் போற்றியவர். 1862 இல் அவர் இறந்தபின், உள்நாட்டுப் போராலும் வழக்குகளாலும் மாளிகை சீரழிந்தது. 1879 இல் அவருடைய மருமகன் ஜெபர்சன் லீவி அதனைத் தம் உரிமையாக்கிப் புதுக்கினார். 1923 இல் அறநிலையம் அவரிடமிருந்தே அதனை வாங்கியது. மாளிகை அழியாது நிற்பதற்குக் காரணமான அக்குடும்பம் ஏறத்தாழ 90 ஆண்டுகள் அதன் உரிமையாளராக இருந்தும், பின்வந்த காலத்து மாளிகை வரலாற்றில் நெடுங்காலம் உரிய இடம் பெறவில்லை. யூரையாவின் தாயின் கல்லறை மல்பெரி நிரையிலேயே இருந்தது. அதனைச் சீரமைத்து அக்குடும்பத்தைக் கௌரவித்தது 1985 இலேயே. அதே லீவியும் அங்கு அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் கூறாதுவிடின் நாமும் அதே மௌனத்துக்கு உடந்தையாவோம்.

1938 முதல் மாளிகையின் முகப்பு அமெரிக்க ஐந்து சத நாணயத்தின் பின்புறத்திற் பொறிக்கப்பட்டு வந்தது. ஒவ்வோர் அமெரிக்கரின் சட்டைப்பையிலும் அக்கவிமாடம் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1941 இல், தெற்குச் சிறகில் இருந்த ஓர் அறை சுற்றுலாப் பயணிகளுக்கான ஆண்கள் கழிப்பறையாக மாற்றப்பட்டது. சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை அப்பகுதியிலேயே இருந்தது. மறைத்தல் என நாம் மேலே கூறியது உருவகமன்று என்பதற்கு இச்செய்தி போதும்.

மாற்றம் மெல்ல வந்தது. 1980 களில் வில்லியம் கெல்சோவின் தலைமையில் மல்பெரி நிரை அகழப்பட்டது. 1987 இல் யுனெஸ்கோ மொன்ரிசெலோவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1993 இல் அடிமைகளின் வழித்தோன்றல்களைத் தேடி அவர்களுடைய வாய்மொழி வரலாற்றைப் பதியும் திட்டம் தொடங்கப்பட்டது. 2001 இல் அடிமைகளின் இடுகாடு இனங்காணப்பட்டது. பெயர் பொறித்த கல் இல்லாத 40 இற்கும் மேற்பட்ட குழிகள் அங்குள்ளன. 2018 இல் தெற்குச் சிறகின் அறை சீர்செய்யப்பட்டுச் சாலி ஹெமிங்ஸின் கதையைக் கூறும் இடமாகத் திறக்கப்பட்டது.

7. புதிய வரலாற்றின் எல்லை

இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயின் திறனாய்வாளன் பாராட்டோடு நின்றுவிடுதல் தகாது. இன்று மொன்ரிசெலோவில் நாம் பெயரும் முகமும் குரலுமாக அறிகின்ற அடிமைகள் எவர்? சாலி, அவளது சகோதரன் சமையற்கலைஞன் ஜேம்ஸ், தச்சர் ஜோன், கொல்லர் பொசெற், சமையற்காரி ஈடித், 1847 இல் தம் நினைவுகளைச் சொல்லி எழுதுவித்த ஐசாக் கிறேஞ்சர். இவர்கள் யாவரும் மாளிகையிலோ அதனருகே பட்டறைகளிலோ உழைத்தவர்கள். பெரும்பாலோர் ஒரே குடும்பத்தவர் அல்லது அக்குடும்பத்தோடு உறவுடையவர். எசமானரின் கண்ணுக்கு அருகில் வாழ்ந்தமையால் அவருடைய கடிதங்களில் இடம்பெற்றனர். விடுதலை பெற்றோரும் தொழில் கற்றோரும் ஆதலின் தம் சொல்லை எழுத்தாக்கும் வாய்ப்பினைப் பெற்றனர்.

கோதுமை வயலில் உழைத்துத் தொலைவுக் குடில்களில் மாண்ட பெரும்பான்மையோர் பண்ணைப் பதிவேட்டில் ஒரு பெயரும் பிறந்த ஆண்டும் போர்வைக் கணக்குமாக எஞ்சியுள்ளனர். அவர்களுக்கு நினைவுக்குறிப்பு இல்லை. பத்திரிகைப் பேட்டி இல்லை. எனவே புதிய வரலாறும் தன்னையறியாது மாளிகையை மையமாகக் கொண்டே சுழல்கிறது. முன்பு தளமேடையின் மேலிருந்தோரின் வரலாறாக இருந்தது, இப்போது அதன் கீழிருந்தோரையும் சேர்த்துக்கொண்டுள்ளது. தளமேடையிலிருந்து நோக்கினால் தெரியாத வயல்கள் இன்னும் எஞ்சியுள்ளன. அகழாய்வும் நிலப்பரப்பாய்வும் தரும் உடைந்த மட்பாண்டமும் பொத்தானும் தரைக்குழிகளுமே அவ்வயல்களின் ஏடுகள். எழுத்தில்லாரின் வரலாற்றை எழுத முற்படுவோர் அவ்வேடுகளைப் படிக்கக் கற்றல் வேண்டும்.

இவ்வாறு கூறுவதனால் மாளிகையின் கலையழகை மறுக்கின்றோம் எனக் கொள்ளலாகாது. மொன்ரிசெலோ சிறந்த கட்டடமே. அதன் அளவமைதியும் ஒளியும் நம்மைக் கவர்வதற்கு உரியனவே. சுவைத்தலும் அறிதலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அக்கவிமாடத்தின் அழகு ஒரு மனிதனின் கற்பனையில் தோன்றியது உண்மை. அது பலருடைய கைகளில் உருப்பெற்றது என்பதும் அதேயளவு உண்மை. ஜோன் ஹெமிங்ஸின் இழைப்புளியை அறிந்தவன் அங்குள்ள மரவேலையை முன்னிலும் கூர்ந்து நோக்குவானேயன்றி வெறுத்து ஒதுக்கான்.

மாளிகையின் வரலாறு என்பது அதன் உரிமையாளரின் வரலாறு என்ற எண்ணம் மொன்ரிசெலோவுக்கு மட்டும் உரியதன்று. கோட்டை, கோயில், வளவு என எங்கு பெருங்கட்டடம் உண்டோ அங்கெல்லாம் அவ்வெண்ணம் உண்டு. ஒரு கட்டடத்தைப் பற்றிய நூலைக் கையிலெடுக்கும்போது மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் தகும். இதிலுள்ள வினைகள் தன்வினையா, பிறவினையா? சான்றாகக் கொள்ளப்பட்டோர் எவர்? தள்ளப்பட்டோர் எக்காரணத்தால் தள்ளப்பட்டனர்? இவ்வினாக்களுக்கு விடை தராத வரலாறு, எத்துணை அழகுற எழுதப்பட்டிருப்பினும், உணவை மட்டும் முன்னே காட்டும் சுழல்கதவை ஒத்ததே. அதன் பின்னே நின்ற கையைத் தேடுதல் ஆய்வாளனின் கடன்.